நூறு நாள் கணக்கு, ஐந்து வருஷக் கணக்கு

ஸ்டெம் செல் மாற்று முடிந்து ஒருவர் வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் நம்மவர்கள் போன் போட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எல்லாம் சரியாயிடுச்சு இல்ல?" கேட்பவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். பதில் சொல்பவரும் "ஆமா, கடவுள் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார். கேள்வியும் பதிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். அவசரம். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், பாதித் தவணை பாக்கி இருக்கும்போதே கணக்கை முடித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். ஆனால் மோதி பாகில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு (விதி என்றும் சொல்லலாம்). ரிங் ரோடில் ஏறினால் ஒரு பக்கம் சப்தர்ஜங், எய்ம்ஸ். மறுபக்கம் தௌலா குவானில் ராணுவ மருத்துவமனை. ஊரிலிருந்து யாராவது பெரிய வைத்தியத்துக்கு டெல்லி வந்தால், ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்திலோ மலை மந்திரிலோ யாரையாவது பிடித்து, கடைசியில் எங்களைப் போன்ற ஒரு வீட்டில் போன் அடிக்கும். தங்க ரூம் வேண்டும், ஹிந்தி பேச ஆள் வேண்டும், பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும். இப்படிப் பல வருஷமாக ரத்தப் புற்றுநோய்க்காரர்களை மாற்றுக்கு முன்பும், மாற்றின்போதும், அதற்குப் பிறகும் பார்த்து வருகிறேன். முதல் இரண்டையும் ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. மூன்றாவதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலில் இது என்ன சிகிச்சை என்று சுருக்கமாக. கீமோ மருந்தாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, புது ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். நோயாளியின் சொந்த செல்களையே எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றினால் அது ஆட்டோலோகஸ். மல்டிபிள் மைலோமா, சில லிம்போமாக்களுக்கு இதுதான் அதிகம். இன்னொருவரின் செல்லை ஏற்றினால் அல்லோஜெனிக். லுகேமியாக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது. ஏற்றிய நாள் பூஜ்ஜிய நாள். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் நூறாவது நாளை ஒரு பெரிய மைல்கல்லாக வைத்திருக்கிறார்கள். அந்த நூறாவது நாளில்தான் நம் சனங்கள் கேசரி கிண்டிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இந்த சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படும் டோனல் தாமஸ் 1957-ல் தன் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆறு பேர், ஒருவரும் தங்கவில்லை. அதே மனிதருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா மெமோரியலிலும், 1986-ல் நம் வேலூர் சி.எம்.சி.யிலும் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பிழைப்பதே பெரும்பாடு. பிழைத்தபின் எப்படி இருக்கிறார் என்று கேட்கும்படி நிறையப் பேர் மிஞ்சவில்லை. இன்று மிஞ்சுகிறார்கள், ஆயிரக்கணக்கில். ஆனால் கேள்வி மட்டும் அந்தக் காலத்துக் கேள்வியாகவே இருக்கிறது: ஆள் இருக்கிறாரா, இல்லையா?

தாமஸ் வேலை பார்த்த அதே சியாட்டில் பிரெட் ஹட்சின்சன் மையத்தில் காரன் சிர்ஜாலா என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவும் வேறு கேள்வி கேட்டார்கள். மாற்று செய்துகொண்ட 319 பேரை ஐந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவை வெளியிட்டார்கள். உடம்பு, மனசு, வேலை என்று எல்லா வகையிலும் ஒரு வருஷத்தில் மீண்டவர்கள் நூற்றுக்கு 19 பேர்தான். ஐந்தாம் வருஷத்தில், உயிரோடு இருந்தவர்களில் பெரிய குறை இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 63. நோய் திரும்பாதவர்களில் 84 சதவீதம் பேர் ஐந்து வருஷத்துக்குள் முழுநேர வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். உடம்பு முதலில் தேறுகிறது, மனசும் வேலையும் அதற்குப் பின்னால் மெல்ல வருகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, கவனியுங்கள். 84 என்பது சாதாரண எண் இல்லை. ஆனால் அது ஐந்தாம் வருஷத்து எண். நாம் அதை ஆறாவது மாதத்திலேயே எதிர்பார்க்கிறோம். அதுவும் அமெரிக்கக் கணக்கு. நம் ஊர்த் தூசி, நம் ஊர் காசநோய், நம் ஊர் ஆபீஸ், நம் ஊர் மாமியார் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை :-)

எங்கள் பகுதியிலேயே ஒரு நண்பர் இருக்கிறார். மத்திய அரசு ஊழியர், நாற்பத்து நாலு வயது, திருநெல்வேலிப் பக்கம். 2022-ல் அக்யூட் மைலாய்டு லுகேமியா என்றார்கள். அந்த செப்டம்பரில் தம்பியின் ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள். "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். நோய் இன்றுவரை திரும்பவில்லை. மருத்துவமனைக் கணக்குப்படி இது முழு வெற்றி. அந்த முழு வெற்றி தினமும் காலையில் எப்படி எழுந்திருக்கிறது என்று சொல்கிறேன்.

எழுந்ததும் கண்ணைத் திறக்க முடியாது. கண்ணீர் சுரப்பதில்லை, இமை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்துதான் விழிக்க வேண்டும். வாயிலும் எச்சில் குறைவு. நெல்லைக்காரர், மிளகாய்ப்பொடி இல்லாமல் இட்லி தொடமாட்டார். இப்போது சாம்பாரில் காரம் கொஞ்சம் தூக்கலானாலே வாய் வெந்துவிடும். எச்சில் இல்லாததால் பல் சொத்தை வேறு. தோல் சில இடங்களில் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேலே தூக்குவது கஷ்டம். சட்டை மாட்டுவதே ஒரு வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு.

இது புற்றுநோய் இல்லை. ஜி.வி.ஹெச்.டி. என்பார்கள். தம்பியின் மஜ்ஜையிலிருந்து பிறந்த எதிர்ப்பு செல்கள் அண்ணனின் உடம்பைப் பார்த்து "இது யார் வீடு?" என்று சண்டை போடுவது. ஒற்றுமையான அண்ணன் தம்பி. செல்களுக்கு அது தெரியவில்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், இந்தச் சண்டை கொஞ்சம் இருந்தால் மிச்சம் மீதி லுகேமியா செல்லையும் அது அடித்துவிடும் என்பதால் டாக்டர்கள் அதை ஒரேயடியாக அடக்குவதும் இல்லை. அடக்க ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போவது குறைந்து மூட்டே கெட்டுப்போவதும் உண்டு. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு இப்ரூடினிப் (அமெரிக்காவில் 2017-ல் அனுமதி), ருக்ஸோலிடினிப் (2021) என்று மாத்திரைகள் வந்திருக்கின்றன. நண்பர் இரண்டாவதில் இருக்கிறார்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. நண்பர் பி பாசிட்டிவ், தம்பி ஓ பாசிட்டிவ். மஜ்ஜை மாறியதால் ரத்த வகையும் மாறிவிட்டது. இப்போது இவரும் ஓ பாசிட்டிவ். ஆபீஸ் அடையாள அட்டையில் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். "ரத்த வகை எப்படி மாறும், முதலில் போட்டது தவறு என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்களாம். அரசாங்கத்தில் பிறந்த தேதியே மாற்றிவிடலாம் போல.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தமிழ் வீடுகளில் அதிகச் சண்டை இதில்தான். முதல் சில மாதங்களுக்கு நன்றாக வேகவைத்தது மட்டும், கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் என்பார்கள். தயிர், மோர், பச்சைக் கொத்தமல்லிச் சட்னி, ஊறுகாய், வெளியில் வெட்டி வைத்த பழம், கோயில் தீர்த்தம் எல்லாவற்றுக்கும் தடை. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "மோரு ஊத்தாம சோறா? வயித்துச் சூட்டுக்கு மோருதானய்யா மருந்து" என்று அழுதார். இந்தத் தடைகளில் எவ்வளவு அவசியம் என்பதில் இப்போது மருத்துவர்களுக்குள்ளேயே மறுயோசனை நடக்கிறது. 2023-ல் இத்தாலியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கடுமையான பத்தியம் இருந்தவர்களுக்கும் சாதாரணமாகச் சாப்பிட்டவர்களுக்கும் தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதற்காக அந்த இத்தாலி ஆஸ்பத்திரிச் சமையலறையையும் நம் தெருமுனை சாட் கடையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். நான் சொல்ல வருவது, "இந்தத் தடை எதற்காக, எத்தனை மாசத்துக்கு?" என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள் என்பது. காரணம் தெரியாத பத்தியம் இரண்டு வருஷம் கழித்தும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பசியே இல்லாத மனிதனுக்குப் பிடித்ததெல்லாம் தடை என்றால் அவன் எடை எப்படி ஏறும்? (பம்ளிமாஸ் மட்டும் வேறு கதை. அது கிருமியால் இல்லை. சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால். மாத்திரை இருக்கும்வரை தொடாதீர்கள்.)

டெல்லிவாசிகளுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: காற்று. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு ஆஸ்பர்ஜிலஸ் என்கிற பூஞ்சை நுரையீரலில் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கட்டடம் இடிக்கிற, மண் தோண்டுகிற தூசியில் அதன் வித்துகள் பறக்கும். எங்களைச் சுற்றி என்ன நடந்தது? சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் என்று பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டம். 2016-ல் ஒப்புதல் கொடுத்து, வருஷக்கணக்காக வேலை நடந்தது. அதோடு நவம்பர் புகை. நண்பர் வார்டிலிருந்து வெளியே வந்ததே அந்த நவம்பருக்குச் சற்று முன்னால்தான். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, காற்று சுத்திகரிப்பான் வாங்கி வைத்து, என்-95 மாஸ்க்கோடு மட்டும் ஓ.பி.க்குப் போய் வந்தார். முடிந்தவர்களுக்கு ஒரு யோசனை. மாற்றுத் தேதியை மருத்துவக் காரணங்கள்தான் முடிவு செய்யும், அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் வார்டிலிருந்து எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறோம், பக்கத்தில் இடிப்பு வேலை நடக்கிறதா என்பதை முன்பே பார்த்து வைக்கலாம். வெள்ளையடிக்கிற வேலை இருந்தால் அட்மிஷனுக்கு ரொம்ப முன்பே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் "லட்சுமிகரமா இருக்கட்டும்" என்று பெயிண்ட் அடிக்கிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஊருக்கே வந்துடுங்களேன், அங்க என்ன இருக்கு?" இதுவும் போனில் வரும். என் அபிப்பிராயம், முதல் வருஷம் மாற்று செய்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் நல்லது. ராத்திரி 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். அந்த நேரத்தில் கேஸ் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருப்பது, நூறு சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருப்பதைவிட மேல். வேலூரிலோ சென்னையிலோ செய்துகொண்ட டெல்லிக்காரர்களுக்கும் இதேதான், திசை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் செலவுக்கு ஒரு தகவல். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் முழுச் சலுகை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மாற்றுக்குப் பணம் திரட்டுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் அல்லோஜெனிக் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டித்தான் ஆரம்பமே. நகை, பி.எஃப்., ஊர் நிலம், நண்பர்கள் வசூல் எல்லாம் அந்தப் பெரிய தொகைக்கே போய்விடும். அதற்குப் பின்னால் மாதாமாதம் வரும் பில்லுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை, பூஞ்சை மாத்திரை, வைரஸ் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண், பல், எலும்பு டாக்டர்கள். நண்பருக்கு சி.ஜி.ஹெச்.எஸ். இருப்பதால் மருந்து கிடைத்துவிடுகிறது. சில சமயம் இழுத்தடிப்பார்கள், ஆனால் கிடைக்கிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் நிலைமை வேறு.

காப்பீடு ஒழுங்காணையம் 2019-ல் கொண்டுவந்த விதிகளின்படி ரத்தநோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது. நல்லது. ஆனால் பாலிசியை எடுத்து "டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு" என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 60 நாள், 90 நாள். தாராளமானதில் 180 நாள். கடுமையான ஜி.வி.ஹெச்.டி. இருந்தால் மருந்து வருஷக்கணக்கில் போகும். அறுபதாம் நாளில் கம்பெனி விலகிக்கொள்கிறது, நூறாம் நாளில் சொந்தக்காரர்கள் விலகிக்கொள்கிறார்கள், மீதி ஆயிரத்துச் சொச்ச நாளும் அந்த வீட்டுக்காரம்மா பாடு. என் கேள்வி இதுதான். மாற்றுக்குப் பணம் தருகிற பாலிசி, அந்த மாற்று தங்குவதற்கான மருந்துக்கும் ஒரு குறிப்பிட்ட தொகைவரை தந்தால் என்ன? வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டுக் கூரைக்குக் கொடுக்கமாட்டேன் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை. செய்ய முடியாததும் இல்லை. வங்கி ஊழியர்களுக்கு 2015-ல் வந்த குழுக் காப்பீட்டில், புற்றுநோய், லுகேமியா போன்ற ஒரு பட்டியல் நோய்களுக்கு அட்மிட் ஆகாமல் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் மருந்துக்கும் இடம் வைத்தார்கள். அதையே மற்றவர்களுக்கும் விரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கேட்கிறவரைக்கும் சும்மா இருக்க முடியாது இல்லையா, அதனால் சில நடைமுறை விஷயங்கள். இருக்கிற பாலிசியை எக்காரணம் கொண்டும் காலாவதி ஆக விடாதீர்கள். மாற்றுக்குப் பிறகு புதிதாக ஒன்று கிடைப்பது குதிரைக் கொம்பு. வேலையை விடும் நிலை வந்தால், கம்பெனி குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டால் பயனில்லை. வீட்டுக் கடன் வாங்கியபோது மேனேஜர் வற்புறுத்தி ஒரு காப்பீடு தலையில் கட்டியிருப்பார் (நாங்கள்தான்!). அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அதில் கடும் நோய்க்கான பலன் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். 90 நாள் பாக்கி விழுந்துவிட்டால் அது வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும், அதற்கப்புறம் எங்கள் கை கட்டப்பட்டுவிடும். சம்பளக் கணக்கில் மனைவி அல்லது கணவர் பெயரைச் சேர்த்துவிட்டு அட்மிட் ஆகுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண் ஐ.சி.யு.வில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, வெளியே மனைவி ஆட்டோவுக்குக் கடன் வாங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆபீஸ் விஷயம். நண்பர் பதினோரு மாதம் கழித்து வேலைக்குப் போனார். விடுப்பு தந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. போன முதல் நாள் மாலை போட்டுக் கைதட்டினார்கள். அடுத்த வாரம் பழைய சுமை முழுவதும் மேஜைக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு முறை படித்தால் நினைவில் நிற்கும் பைலை இப்போது மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு உடம்பு சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுமாம். இது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. வெளிப்பார்வைக்கு முகம் நன்றாக இருக்கிறது (ஸ்டீராய்டில் கொஞ்சம் உப்பிய கன்னம் வேறு, "நல்லா சதை போட்டுட்டீங்களே!"). ஆகவே சோம்பேறி என்ற பெயர் வர நாள் ஆகாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் ஆகிய ரத்தநோய்கள் அதில் உண்டு. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு அந்தப் பெயரில் இடம் இல்லை. மூட்டு கெட்டாலோ பார்வை போனாலோ அந்த வகையில் சேரலாம், அவ்வளவுதான். அரை நாளில் தொடங்கி ஆறு மாதத்தில் முழு நாளுக்கு வருவது என்று ஒரு ஏற்பாடு, எழுத்தில், எல்லா ஆபீஸிலும் வேண்டும். பிரசவ விடுப்பையே ஒரு காலத்தில் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது, யாரும் வாய் திறக்காத விஷயம். மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் பிள்ளை பெறும் சக்தியைப் பெரும்பாலும் பறித்துவிடும். ஆண் பிள்ளைக்கு அட்மிஷனுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம், பெண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் கருமுட்டையை. இதைக் கேட்கவேண்டிய ஒரே நேரம் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்புதான். அந்த நேரத்தில் அப்பா, மாமா, சித்தப்பா எல்லோரும் சூழ்ந்து நிற்க, இருபத்து மூன்று வயதுப் பையன் எப்படிக் கேட்பான்? பெரியவர்கள் "உசிரு பிழைக்கட்டும் முதல்ல" என்று அடைத்துவிடுகிறார்கள். உயிர் பிழைக்கிறது. ஆறு வருஷம் கழித்து ஜாதகம் எடுக்கும்போது அந்தக் கேள்வி திரும்பி வருகிறது, பதில் கைநழுவிப் போன பிறகு. முப்பது வயதில் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை பற்றியும், எலும்பு வலு பற்றியும் யாரும் சொல்லவில்லை என்றால் அதுவும் இதே கூச்சத்தின் இன்னொரு முகம்தான். கணவன் மனைவி நெருக்கம் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் கூச்சப்பட மாட்டார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தம்பியையும் யாரும் கேட்பதில்லை. கூடப்பிறந்த ஒருவர் முழுப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு நாலில் ஒன்று. வெளி ஆட்களைத் தேட, 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் இருக்கின்றன. இப்போது பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் தம்பி முழுப் பொருத்தம் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு அண்ணன் தோல் உரிந்து வாய் வெந்து கிடந்தபோது தம்பி என் மனைவியிடம் போனில், "என் செல்லுதானக்கா அவனை அடிக்குது" என்றாராம். அவர் தப்பு ஒரு துளியும் இல்லை என்று டாக்டர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். சொல்ல யாருக்கும் நேரமில்லை. அப்புறம் அந்த வீட்டுக்காரம்மா. பள்ளிக்கூட வேலையை விட்டார். காலை ஆறு மணி மாத்திரையிலிருந்து ராத்திரி பத்து மணி மாத்திரை வரை நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்தால் எங்கள் கிளையின் டே புக் தோற்றுவிடும். மூன்று வருஷத்தில் ஒருவர்கூட "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்கவில்லை என்றார், சிரித்துக்கொண்டேதான்.

பிரபலங்களில் இதைப் பற்றி மறைக்காமல் பேசியவர் லிசா ரே. 1994-ல் சரத்குமாரோடு 'நேதாஜி'யில் வந்தவர், பிறகு தீபா மேத்தாவின் 'வாட்டர்'. 2009-ல் மல்டிபிள் மைலோமா, அடுத்து சொந்த செல் மாற்று. 2010-ல் நோய் இல்லை என்றார்கள். 2012-ல் திரும்பியது. அதையும் சமாளித்து, 2018-ல் வாடகைத் தாய் மூலம் இரட்டைப் பெண் குழந்தைகள், 2019-ல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் "புற்றுநோயை வென்றவர்" என்றுதான் போடுகின்றன. மைலோமாவில் மாற்று என்பது பெரும்பாலும் நோயை ஒத்திப்போடுவது, ஒழிப்பது அல்ல. மாற்றுக்குப் பிறகும் லெனலிடோமைட் மாதிரி மாத்திரை தொடரும். அதைத் தெரிந்துகொண்டே வேலை, குடும்பம், பயணம் என்று வாழ்பவரை "வென்றவர்" என்று சொல்லி முடித்துவிட்டால், திரும்ப நோய் வந்தவர் "தோற்றவர்" ஆகிவிடமாட்டாரா? மறுபடி நோய் வந்த ஒருவர் அதை ஊரில் சொல்ல வெட்கப்பட்டு ஆறு மாதம் மறைத்தது எனக்குத் தெரியும்.

டாக்டர்களுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஃபேக்ட் பி.எம்.டி. என்று பெயர், 1997-லிருந்து புழக்கத்தில் இருப்பது. உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, வேலை செய்ய முடிகிறதா, குடும்பத்தில் ஒட்டுதல் எப்படி என்று நோயாளியே மதிப்பெண் போடுவது. ஆய்வுக்கு மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓ.பி.யில் ரத்த ரிப்போர்ட்டோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கூட்டத்தில் டாக்டருக்கு மூன்று நிமிஷம்தான் கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் தாள் வேண்டும் என்கிறேன். வெளியே காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் நாமே நிரப்பிவிடலாம். தைராய்டு, கண்புரை, எலும்பு அடர்த்தி, பல், தோல், வேறு புதுப் புற்றுநோய் என்று வருஷாவருஷம் பார்க்கவேண்டிய சோதனைகளின் பட்டியலையும் கேட்டு வாங்கி, பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்.

தடுப்பூசியும் அந்தப் பட்டியலில் உண்டு. பழைய மஜ்ஜையோடு சின்ன வயசில் போட்ட ஊசிகளின் ஞாபகமும் போய்விடுவதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். (வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து ஞாயிறுக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி.) நண்பர் தன் அட்டையை எடுத்துக்கொண்டு ஊசி போடும் இடத்துக்குப் போனபோது, வரிசையில் முன்னும் பின்னும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பச்சா கஹான் ஹை?" என்றாராம். குழந்தை எங்கே?

"மே ஹீ பச்சா ஹூன், மேடம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார். எம்.எம்.ஆர். மட்டும் இன்னும் பாக்கி. ருக்ஸோலிடினிப் நிற்கிறவரை அதைப் போடக் கூடாதாம்.